விறகில்லாத அடுப்பும் மருத்துவ அறிவுரையும்

"கொதித்தாறிய நீரையே பருகுங்கள்."

முகாமில் வாழ்ந்த எவரும் இந்த வாசகத்தை மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தாங்கியின் அருகிலும், கிளினிக் கொட்டிலின் கதவிலும், நிவாரணம் கொடுக்கும் இடத்திலும் இது ஒட்டப்பட்டிருந்தது. வாசகத்தில் பிழை இல்லை. கொதிக்கவைத்த நீர் வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த நாட்களில் ஒரு தாய் எம்மில் ஒருவரிடம் கேட்டதும் உண்மையே: "நோட்டீசை வாசிச்சனாங்கள் தம்பி. சோறு காய்ச்சவே விறகில்லை. தண்ணி காய்ச்ச விறகுக்கு எங்க போறது?"

அறிவுரையை எழுதியவர் எம்மீது அக்கறை இல்லாதவர் அல்லர். ஆனால் எழுதும்போது அவருடைய மனக்கண்ணில் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தறப்பாளின் கீழ் மூன்று கல்லை வைத்துச் சமைக்கும் குடும்பம் அவருடைய நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால், அதே நோட்டீசில் தாங்கி நீருக்குக் குளோரின் இடும் ஒழுங்கையும் சேர்த்து எழுதியிருப்பார்.

ஒரு மருத்துவ அறிவுரை எழுதப்படும்போது யாரை நினைத்து எழுதப்படுகிறது? இக்கேள்வியை இந்த இதழில் வாசகர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

வழிகாட்டல் எங்கிருந்து வருகிறது?

எமது பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் என்ன கொடுக்க வேண்டும், கர்ப்பிணித் தாய் எத்தனை தடவை கிளினிக்குக்கு வர வேண்டும், நாய் கடித்தவருக்கு எத்தனை ஊசி போட வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு வைத்தியரும் தம் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. நிபுணர் குழுக்கள் கூடி, ஆய்வுகளைப் பரிசீலித்து, வழிகாட்டல்களை எழுதுகின்றன. உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் எழுதும். எமது சுகாதார அமைச்சு கொழும்பில் எழுதும். அது சுற்றுநிருபமாகி வைத்தியசாலைக்கும், பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் எமது வாசலுக்கும் வந்து சேரும்.

இக்குழுக்கள் நெடுங்காலமாக முதன்மையாகக் கேட்டுவந்த கேள்வி, "இந்த மருந்து நோயைக் குணமாக்குமா?" என்பதே. அது அவசியமான கேள்விதான். ஆனால் அது போதாது என்பதை வாய்க்காலில் நீர் பாய்ச்சிய கமக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளத்துக் கதவை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தாலும் மேற்காணிக்காரரின் வயல் முதலில் நிரம்பும். கடைசிக் காணிக்கு ஈரம் கூட வராமற் போகலாம். "குளம் திறந்தாயிற்று" என்று அதிகாரி பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கடைசிக் காணிக்கும் நீர் போய்ச் சேர முறை வைத்து, வாய்க்காலைத் துப்புரவாக்கி, கதவைக் கூடுதல் நேரம் திறப்பதுதான் நியாயம். சுகாதாரத்தில் இதையே சமநீதி என்கிறோம். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதல்ல அது. எல்லோரும் நலமடையக் கூடியவாறு, தேவைக்கு ஏற்பக் கொடுப்பதே அது.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் சீசர் விக்டோராவும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இதைச் சுகாதாரத் துறையில் எடுத்துக் காட்டினார்கள். புதிய சுகாதாரத் திட்டமொன்று வரும்போது வசதி உள்ளவர்களே அதை முதலில் பெறுகிறார்கள். ஆகவே நாட்டின் சராசரிக் கணக்கு முன்னேறும் வேளையிலேயே, உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் கூடக்கூடும். சராசரியை மட்டும் பார்த்தால் கடைசிக் காணி கண்ணுக்குத் தெரியாது.

ஓர் அகதி முகாம் கற்பித்த பாடம்

ஜீவனிப் பொட்டலத்தை அறியாத தாய் எம்மிடையே இல்லை. அதன் வரலாற்றில் எம்மைப்போல் இடம்பெயர்ந்த மக்களுக்குப் பெரும் பங்குண்டு.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடிவந்தனர். எல்லையிலுள்ள பங்காவோன் என்னும் சிறு பட்டணத்தில் மட்டும் சுமார் மூன்றரை இலட்சம் பேர் தங்கினர். மழைக்காலம் தொடங்கியதும் வாந்திபேதி பரவியது. அக்காலத்து மருத்துவ முறைப்படி, கடுமையாக நீரிழந்த நோயாளிக்கு நரம்பினூடாகச் சேலைன் ஏற்ற வேண்டும். அதற்குப் போத்தல் வேண்டும், ஊசி வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும். பங்காவோனில் இவை எதுவுமே போதியளவு இருக்கவில்லை. நோயாளர்கள் வைத்தியசாலைத் தரையெங்கும் கிடந்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தார்கள்.

கல்கத்தாவிலிருந்து அங்கு சென்ற வைத்தியர் திலீப் மகலனாபிஸ், இருந்த சேலைனைக் கொண்டு இந்த மக்களைக் காப்பாற்ற முடியாது என்று கண்டார். குளுக்கோசு, உப்பு, அப்பச்சோடா ஆகிய மூன்றையும் அளந்து கலந்து நீரிற் கரைத்து வாயால் பருகக் கொடுக்கத் தீர்மானித்தார். இது அவருடைய கண்டுபிடிப்பல்ல. குளுக்கோசு கூடவே சென்றால் குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், உப்பின் பின்னால் நீரும் செல்லும் என்பது 1960களிலேயே தெரிந்திருந்தது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்னும் வைத்தியர்கள் நோயாளரிடம் அதைச் சோதித்து வெற்றி கண்டிருந்தனர். ஆனால் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் இதைக் கொடுக்கலாம் என்று மருத்துவ உலகம் நம்பவில்லை.

பங்காவோனில் மேற்பார்வை செய்ய ஆளில்லை. எனவே கலவையைப் பொட்டலங்களாகக் கட்டி, பெரிய பீப்பாக்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளரின் தாயும் சகோதரரும் அயலவரும் அதைக் கோப்பைகளில் ஏந்திப் பருக்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் 3,700க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

இந்நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று லான்செட் என்னும் மருத்துவ ஏடு 1978இல் எழுதியது. மகலனாபிஸ் 2022இல் காலமானார். பருக்கிய தாய்மாரின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வழிகாட்டலை மாற்றியவர்களில் அவர்களும் அடங்குவர்.

மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

பொட்டலம் போக முடியாத வீடுகளும் இருந்தன. சுதந்திர பங்களாதேஷில் பிராக் என்னும் கிராம அபிவிருத்தி நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சம் அளவிலான வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். இதைத் தாய்மாரின் கையாலேயே செய்வித்துக் காட்டினார்கள். வீட்டிலுள்ள பாத்திரத்திலேயே அரைச் சேருக்கு அடையாளமிட்டுக் கொடுத்தார்கள். எழுத்தறிவு தேவைப்படவில்லை, கடைச்சாமானும் தேவைப்படவில்லை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில வாரங்களின் பின் தாயின் நினைவில் எவ்வளவு நிற்கிறது என்று சோதித்தே கொடுத்தார்கள்.

ஆயினும் தொடக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. தாய்மார் செய்யக் கற்றிருந்தார்கள், ஆனால் நோய் வந்தபோது பலர் செய்யவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்தபோது, கற்பித்த ஊழியர்களே தமக்கு வயிற்றோட்டம் வந்தால் குளிசை போட்டது தெரிந்தது. ஆண்களுக்கு எவரும் இதுபற்றி விளக்கவுமில்லை. நிறுவனம் ஊழியர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று கண்ணாற் காணச் செய்தது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களுடன் பேசியது. அதன் பின்னரே பழக்கம் வேரூன்றியது. குறையைத் தாயின் அறியாமை மீது சுமத்தாமல் தமது பக்கத்தில் தேடியதே அவர்களுடைய சிறப்பு.

நல்ல நோக்கம் தவறிய இடம்

எச்.ஐ.வி. கிருமி தாய்ப்பாலினூடாகவும் குழந்தைக்குத் தொற்றலாம். ஆகவே ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் தொற்றுள்ள தாய்மாருக்கு அரசாங்கம் இலவசமாகப் பால்மா வழங்கியது. நல்லெண்ணத்துடன் செய்த வேலைதான். 2005ஆம் ஆண்டின் இறுதியிலும் 2006இன் தொடக்கத்திலும் பெருமழை பெய்து குடிநீர் மாசடைந்தது. 2006இன் முதல் மூன்று மாதங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வயிற்றோட்டத்தால் மாண்டனர். முந்திய ஆண்டின் அதே மாதங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேரே. தாய்ப்பால் பெறாத குழந்தைகளே மிகப் பெரும் ஆபத்துக்குள்ளானார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

சுத்தமான நீர் உள்ள வீட்டில் உயிர்காக்கும் பால்மா, குடிநீர் மாசடைந்த இடத்தில் உயிரைப் பறித்தது. தாய்க்குக் கிருமியை அடக்கும் மருந்து கொடுத்து, தாய்ப்பாலும் ஊட்டச் செய்யும் வழியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது.

ஏழைக்கு இரண்டாந்தர மருந்தா?

"எங்களுக்கு மட்டும் மலிவான வைத்தியமோ?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இரு உதாரணங்களைப் பார்ப்போம்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் கடும் கிருமித்தொற்று வந்தால் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும் என்பதே விதி. எமது நாட்டில் நாம் செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால் வைத்தியசாலைக்குப் போகவே முடியாத குடும்பங்கள் உலகில் பல இலட்சம். "கொண்டு போ" என்ற ஒரு சொல்லோடு வழிகாட்டல் முடிந்துவிட்டால் அக்குழந்தைகளுக்கு எதுவுமே கிடைக்காது. கென்யா, நைஜீரியா, கொங்கோ, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் ஆராய்ந்த பின், போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கு அருகிலேயே ஊசியும் வாய்மருந்தும் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஏற்றது. உயிருக்குப் போராடும் குழந்தை வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

விசர்நாய்க்கடிக்கு முன்னர் ஒரு மாதத்துக்குள் நான்கு ஐந்து தடவை ஊசிக்குச் செல்ல வேண்டியிருந்தது. கூலிவேலை செய்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாட்கூலியும் பஸ் காசும் நட்டம். பலர் இடையில் நிறுத்தினார்கள். தோலினுள் போடும் ஊசியை ஒரு வாரத்தில் மூன்று தடவையோடு முடிக்கும் முறையை 2018இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. பாதுகாப்புக் குறையவில்லை, அலைச்சலே குறைந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். தூரத்தையும் வறுமையையும் கணக்கில் எடுத்து, அதே பயனைத் தரும் வழியைத் தேடுவது சமநீதி. "அவர்களுக்கு இது போதும்" என்று சொல்லி, வைத்தியசாலை கட்டாமலும் தாதியை நியமிக்காமலும் விடுவது அநீதி. இரண்டும் வெளியில் ஒன்றுபோலத் தோன்றலாம். ஏமாறாமல் இருப்பது எமது பொறுப்பு.

நாம் கேட்க வேண்டியவை

வழிகாட்டல் எழுதுவோர் வசிக்கும் இடம், இனமும் மொழியும், தொழில், ஆண் பெண் வேறுபாடு, மதம், கல்வி, வருமானம், உறவினர் ஆதரவு என்னும் எட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று துறையறிஞர்கள் இன்று வலியுறுத்துகிறார்கள். நோயினால் பாதிக்கப்படும் மக்களும் குழுவில் அமர வேண்டும் என்கிறார்கள். ஜெனீவாவுக்கு நாம் போகப் போவதில்லை. ஆனால் எமது கிராமத்துக்கு வரும் ஒவ்வொரு சுகாதாரத் திட்டத்திலும் கீழ்வரும் கேள்விகளை மாதர் சங்கத்திலும், கமக்காரர் அமைப்பிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கூட்டத்திலும் கேட்கலாம்:

1. இந்த அறிவுரையைப் பின்பற்ற என்னென்ன வேண்டும்? விறகு, தண்ணீர், பஸ், காசு, நேரம் இவற்றில் எது எம்மிடம் இல்லை?

2. எம்மில் எந்தக் குடும்பம் இதைப் பின்பற்ற முடியாமற் போகும்? கணவரை இழந்தவரா, அங்கவீனரா, முதியவரா, காணியில்லாதவரா?

3. கிளினிக் நாளும் நேரமும் விதைப்பு, அறுவடைக் காலத்துக்குப் பொருந்துமா?

4. எமது மொழியில், எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்லப்படுகிறதா?

5. வராதவர்கள் யார் என்று எவராவது கணக்கெடுக்கிறார்களா?

கிளினிக்குக்கு வராத தாயைப் பொறுப்பற்றவள் என்று எழுதுவது இலகு. அவள் ஏன் வரவில்லை என்பதை அயல்வீட்டுக்காரர் அறிவார். அந்த அறிவை அதிகாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு மருத்துவப் பணியே.

இதற்கிடையில் கைமருந்தை மறந்துவிட வேண்டாம். வயிற்றோட்டம் தொடங்கியதும் பொட்டலத்தில் குறித்த அளவு சுத்தமான நீரில் ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். பொட்டலம் இல்லையேல் ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பைக் கூட்ட வேண்டாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். பிள்ளை சோர்ந்து கிடந்தால், கண் குழிவிழுந்தால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு செல்ல வாகனம் இல்லாத குடும்பம் எது என்பதை அயலவர்கள் இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விறகு கேட்ட அந்தத் தாய் எவரையும் குறைசொல்லவில்லை. அறிவுரையை எழுதியவருக்குத் தெரியாத ஒன்றையே சொன்னாள். அவளைப் போன்றவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட்டு எழுதப்படும் வழிகாட்டல்தான் கடைசி வீடு வரை செல்லும்.