இல்லத்தில் ஒரு விளையாட்டு மாலை



2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் வீட்டிலும் இரவானதும் ஒரு மெழுகுதிரியே துணையாயிற்று. தொலைக்காட்சி இல்லை, கைத்தொலைபேசிகளும் ஓய்ந்து கிடந்தன. வேறு வழியின்றி அந்த ஒரு சுடரைச் சுற்றி எல்லோரும் அமர்ந்தோம். என் தாயார் பெட்டகத்தின் அடியிலிருந்து பழைய பல்லாங்குழிப் பலகையை எடுத்து வந்தார். பேரப்பிள்ளைகள் அன்றுதான் அதனை முதன்முதலாகக் கண்டனர்.

மின்வெட்டு நின்றது. பிள்ளைகள் தத்தம் அறைகளுக்கு மீண்டனர். ஒருநாள் மாலை தாயார் என்னிடம், “இனி எப்ப மோனை கறண்ட் போகும்?” என்று கேட்டார். நாடே துன்புற்ற நாட்களை அவர் விரும்பி அழைக்கவில்லை. அந்த ஒரு சுடரைச் சுற்றியிருந்த கூட்டத்தையே தேடினார். இருள் வந்து நம்மைக் கூட்டிவைக்கும்வரை காத்திராது, நாமாகவே கூடுவதற்கு வழி என்ன? அதனையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

முதலாவதாக வேண்டுவது, நாளும் நேரமும் வரையறுத்தல். “ஓய்வு கிடைக்கும்போது விளையாடுவோம்” என்னும் வீட்டில் அவ்வோய்வு ஒருபோதும் கிடைப்பதில்லை. நம் நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. மாதந்தோறும் தவறாது வரும் அந்நாளின் மாலையை இதற்கென ஒதுக்கிவிடலாம். இரண்டு மணித்தியாலம் போதும். ஆவல் தீருமுன் ஆட்டத்தை முடித்தாற்றான் அடுத்த மாதமும் பிள்ளைகள் ஆவலோடு வருவர். கைத்தொலைபேசிகளை ஒரு பெட்டியில் இட்டு மூடுங்கள். பெரியவர்களுடைய தொலைபேசியே முதலில் அப்பெட்டியுட் செல்லல் வேண்டும்.

இரண்டாவது, ஆட்டத்தைத் தெரிதல். ஏழு வயதுச் சிறுவனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒத்த நிலையில் ஆடக்கூடியது எது? தாயம் அத்தகையது. சோகியை உருட்டுங்கால் அறிஞனுக்கும் குழந்தைக்கும் ஒரே நற்பேறுதான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உள. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடோ எதனையும் வெட்டமாட்டாது. கூடிநின்று புலியை அசையவிடாது மறிப்பதே அதன் வெற்றி. தந்தை புலியாகவும், தாயும் மக்களும் ஆலோசித்து நகர்த்தும் ஆடுகளாகவும் ஆடிப்பாருங்கள். தனித்த வலிமையைக் கூடிய சிறுமை மடக்குவதைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பர்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, நம் வீடுகளில் வழங்கும் ‘முந்நூற்று நான்கு’ என்னும் கடதாசி விளையாட்டு ஏற்றது. நால்வர் இருவர் இருவராக அணிசேர்ந்து 32 கடதாசிகளைக் கொண்டு ஆடுவர். ஜாக்கிற்கு 30, ஒன்பதிற்கு 20, ஆசிற்கு 11, பத்திற்கு 10, ராசாவிற்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்திற்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. மனக்கணக்கிற்கு இதனிலும் இனிய பயிற்சி அரிது. ஆனால் ஒரு விதி: காசு ஒரு சதமேனும் இடையில் வருதல் ஆகாது. காசு புகுந்த ஆட்டத்திலிருந்து அன்பு வெளியேறிவிடும்.

மூன்றாவது, தோல்வியைப் பேணுதல். விளையாட்டு மாலைகள் குலைவது பெரும்பாலும் இங்கேதான். தோற்ற பிள்ளை அழும், தமையன் நகைப்பான், தாய் கடிந்துகொள்வாள், பலகை கவிழும். பிள்ளையைத் தேற்றுவதற்காகப் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பதும் நன்றன்று. குழந்தைகள் அதனை விரைவில் அறிந்துகொள்வர். இதற்குப் பல்லாங்குழி நல்ல வழி காட்டுகின்றது.

பலகையில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை இட்டால் மொத்தம் 70, ஆளுக்கு 35. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் சென்று, கைக்காய் முடிந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர்வர். அடுத்த குழி வெறுமையாயின், அதற்கடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை மற்றவரிடம் விடுவர். ஊருக்கு ஊர் விதி சிறிது வேறுபடுமாதலால், தொடங்குமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்க.

முதற் சுற்றில் ஒருவர் 48 காய்களும் மற்றவர் 22 காய்களும் பெற்றனர் என வைத்துக்கொள்வோம். தோற்றவர் வெளியேறுவதில்லை. தம் 22 காய்களால் நான்கு குழிகளை நிரப்பி, எஞ்சிய இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று குழிகளை வெறிதே விட்டு அடுத்த சுற்றை ஆடுவார். வென்றவர் தம் ஏழு குழிகளையும் நிரப்பி, மிகுதி 13ஐக் கையில் வைத்திருப்பார். ஆயினும் வெற்றி முடிந்துவிடவில்லை. இருப்பதைக் கொண்டு ஆடி, இழந்த குழிகளை ஒவ்வொன்றாக மீட்டவர் பலர். “நீ தோற்றாய்” என்பதற்குப் பதிலாக, “உன்னிடம் இன்னும் நான்கு குழி உண்டு” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் அமரும்.

உணவும் எளிதாயிருத்தல் நன்று. எண்ணெய்ப் பலகாரம் தொட்ட கை கடதாசியைக் கெடுக்கும். புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும், அல்லது அவித்த கடலையும் தேநீரும் போதுமானவை. அவற்றை ஆட்டத்தின் இடைவேளையில் வழங்குங்கள். அடுக்களையில் ஒருவர் தனித்து நிற்க ஏனையோர் ஆடினால், அது குடும்பத்தின் மாலை ஆகாது.

இப்பொழுது எங்கள் வீட்டிற் பௌர்ணமி மாலைகளில் மின்விளக்கு நன்றாகவே எரிகின்றது. விதிகளில் ஐயம் எழுந்தால் தீர்ப்புக் கூறுபவர் என் தாயாரே. கறண்ட் எப்போது போகும் என்று அவர் பின்னர் கேட்டதில்லை; நிலவு எப்போது நிறையும் என்றுதான் கேட்கின்றார்.