பயனர்பெயர் யாருடையது?

2023 ஜூலையில் ட்விட்டர் 'எக்ஸ்' ஆனது. அந்த ஒற்றை ஆங்கில எழுத்தையே பயனர்பெயராகப் பல ஆண்டுகள் வைத்திருந்த அமெரிக்கர் ஒருவரிடமிருந்து நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. பணம் எதுவும் தரவில்லை. பெயர் பதிவு செய்தவரின் சொத்தல்ல, தளம் பயன்படுத்த அனுமதித்தது மட்டுமே என்பதுதான் பெரும்பாலான தளங்களின் விதி. அதனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெயர் தேர்வதற்கான விதிகள் எளியவை. எக்ஸில் 15 எழுத்து வரை, இன்ஸ்டாகிராமில் 30 வரை. இரண்டிலும் தமிழ் எழுத்துகள் செல்லாது. விக்கிப்பீடியாவில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் நிறுவனத்தின் பெயரை வைக்கக்கூடாது, ஒரு கணக்கைப் பலர் பகிரவும் கூடாது. எழுதியதற்கு ஒரு தனிமனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை.

சிக்கல், கைவிடப்பட்ட பெயர்களில் இருக்கிறது. 2013இல் யாஹூ, ஓராண்டுக்கு மேல் யாரும் நுழையாத மின்னஞ்சல் பெயர்களை விடுவித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. நல்ல பெயர் கிடைத்ததென்று மகிழ்ந்தவர்களில் சிலருக்கு, முந்தையவரின் சொந்த விவரங்கள் அடங்கிய அஞ்சல்கள் வந்து விழுந்தன. மின்னஞ்சல் முகவரி வெறும் பெயரல்ல. வேறு தளங்களின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அங்கேதான் வரும். முகவரியைப் பெற்றவருக்கு முந்தையவரின் மற்ற கணக்குகளுக்கும் வழி கிடைத்துவிடும். கூகுள் இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது, ஆனால் நீக்கிய ஜிமெயில் முகவரியை வேறு யாருக்கும் தருவதில்லை. இதுதான் சரியான வழி. நல்ல பெயர்கள் வீணாகின்றனவே என்பார்கள். ஆகட்டும், ஒருவரின் அந்தரங்கத்தைவிட அவை பெரிதல்ல.

2019இல் ட்விட்டரும் பயன்பாட்டில் இல்லாத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. இறந்துபோன உறவினர்களின் பதிவுகள் அழிந்துவிடுமே என்று பலர் பதறிக் கேட்ட பிறகே அதை நிறுத்திவைத்தது. அந்த மனிதர்களை அறிவிப்புக்கு முன்பே நினைத்திருக்க வேண்டும்.

கைபேசி எண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தரலாம். பழைய எண்ணையோ முகவரியையோ விடுவதாக இருந்தால், முதலில் வங்கி, ஆதார், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புதியதை இணைத்துவிடுங்கள், அதன்பிறகு விடுங்கள்.