கம்பைலர் பார்க்காத வரிகள்

ஹாஸ்கல் போன்ற ஃபங்ஷனல் மொழியில் ஒரு ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் தரும் என்பதைக் கம்பைலர் வரிவரியாகச் சரிபார்க்கும். கோப்பில் எழுதுவது, கடிகாரத்தைப் பார்ப்பது போன்ற வெளிவேலை ஏதேனும் செய்தால், அதுவும் டைப்பிலேயே தெரிந்தாக வேண்டும். சி நிரலை அழைக்கும் இடத்தில் இந்தக் கண்டிப்பு நின்றுபோகிறது. சி மொழியின் சைன் ஃபங்ஷன் வேண்டுமென்றால், அதன் பெயரையும் டைப்பையும் ஒரே வரியில் அறிவித்தால் போதும். நாம் எழுதியதைக் கம்பைலர் அப்படியே நம்பும்; சி பக்கம் போய்ப் பார்க்காது. ஒரே கோணத்துக்கு என்றும் ஒரே விடை என்பதால் சைனில் சிக்கல் இல்லை. கூப்பிடும்போதெல்லாம் வேறு எண் தரவேண்டிய ‘ராண்ட்’ ஃபங்ஷனையும் வெளிவேலை அற்றது என்று அறிவித்துப் பாருங்கள்: மறுப்பே வராது. முதலில் கிடைத்த எண்ணே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். கம்பைலர் சோதிக்காததை மனிதர் கண்தான் சோதிக்க வேண்டும். அதனால் இத்தகைய வரிகள் குறைவாகவும், தேடாமல் கிடைக்கும்படி ஒரே இடத்திலும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இவ்வளவு ஆபத்து என்றால் சி எதற்கு, எல்லாவற்றையும் ஹாஸ்கலிலேயே எழுதிவிடலாமே என்பார்கள். ஹாஸ்கலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சி, பெரிய முழு எண்களைப் பெருக்க வழக்கமாக நாடுவதே சி, அசெம்பிளி இரண்டிலும் எழுதப்பட்ட ஜிஎம்பி லைப்ரரியைத்தான். 1991 முதல் செதுக்கப்பட்டு வரும் அந்த வேகத்தைப் புதிதாக எழுதி எட்டிவிட முடியாது. ஆக, சி-யை ஒதுக்கும் வழி நடைமுறையில் இல்லை.

சி ஃபங்ஷன்களின் டைப்புகளைச் சொல்லும் ஹெடர் கோப்பைப் படித்து, இந்த அறிவிப்பு வரிகளைத் தானே எழுதித்தரும் கருவிகள் உண்டே என்பது இன்னும் வலுவான மறுப்பு. சி2எச்எஸ் போன்றவை டைப் பிழைகளைப் பெருமளவு தடுக்கின்றன, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் ஹெடரின் டைப் அறிவிப்பில் இல்லாததை அவை படிக்க முடியாது. சி-யில் எழுதப்பட்ட தரவுத்தள லைப்ரரியான எஸ்கியூலைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ‘எக்ஸெக்’ ஃபங்ஷன் தரும் பிழைச் செய்திக்கான நினைவகத்தை நாமே விடுவிக்க வேண்டும். ‘எர்ர்எம்எஸ்ஜி’ தரும் செய்தியை விடுவிக்கவே கூடாது. இரண்டும் வெறும் எழுத்துச்சர முகவரிகள்தான். எதை யார் விடுவிப்பது என்பது டைப்பில் இல்லை, மனிதர் படிக்கும் விளக்கத்தில்தான் இருக்கிறது. முதலாவதில் மறந்தால் நினைவகம் கசியும். இரண்டாவதில் கைவைத்தால் நிரல் முறிந்து விழலாம்.

இன்னொரு ஃபங்ஷனல் மொழியான ஓகேமலில் சிக்கல் இன்னும் ஆழம். அங்கே முழு எண் 5, நினைவகத்தில் 11 ஆக இருக்கும்; இரட்டித்து ஒன்று கூட்டி, இது முகவரி அல்ல, எண் என்று அடையாளம் வைக்கிறார்கள். மாற்றிக்கொள்ள மறந்த சி நிரலுக்கு அது 11-தான். போதாததற்கு, பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் பொருள்களை இடம் மாற்றும். சி நிரல் தன் கையில் உள்ளதை முறைப்படி பதிவு செய்யாவிட்டால் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிறிய சோதனையில் கலெக்டர் பெரும்பாலும் ஓடாததால் எல்லாம் சரியாகத் தெரியும். பளு ஏறிய பிறகுதான் பிழை தலைகாட்டும்.

இப்படி ஓட்டை இருக்கும்போது ஃபங்ஷனல் மொழியால் என்ன பயன் என்று கேட்கலாம். நினைவகம் சிதைந்து நிரல் விழுந்தால், பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியவை எல்லையில் உள்ள அந்தச் சில வரிகளே. முழுவதும் சி என்றால் எந்த வரியும் சந்தேகத்துக்குரியது. 2011-இல் ஜிஎச்சியில் வந்த ‘சேஃப் ஹாஸ்கல்’ இன்னும் ஒரு படி போகிறது. அந்த முறையில், சி ஃபங்ஷன் எதையும் வெளிவேலை அற்றது என்று அறிவிக்கவே முடியாது, சைனுக்கும் விலக்கில்லை.