பிடரிக்கு ஒரு பஞ்சுத் துணை!

"டாக்டர், ராத்திரி நல்லாத்தான் படுத்தேன். காலையில எந்திரிச்சா கழுத்தைத் திருப்ப முடியலை!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் தலையணையைப் பற்றிக் கேட்பதில்லை. "நேத்து எங்கே போயிட்டு வந்தீங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். மதுரையில் கல்யாணம், சென்னையில் மகன் வீடு, மூணாறு சுற்றுலா என்று ஏதாவது ஒன்று!

எங்கள் தேனிப் பக்கத்து வாழ்க்கையில் பாதி பயணம்தான். பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட், கல்லூரி என்றால் மதுரைக்குப் போக வேண்டும். கம்பத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் ஏறினால் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே போக வேண்டும். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகித் திரும்பி வந்தது 2023 ஜூனில்தான். அதுவரை பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பஸ்ஸும் காரும்தான் கதி. அந்த நாட்களில் பழகிய கார் பயணம் இன்னும் பல குடும்பங்களில் தொடர்கிறது.

இதனால்தானோ என்னவோ, காரின் ஹெட்ரெஸ்ட்டில் மாட்டிக்கொள்ளும் குட்டித் தலையணைகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. "வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் எப்படிப்பட்டது, யாருக்கு, எந்த இடத்தில் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வலி போவதற்குப் பதில் ஆபத்து வரும்.

ஹெட்ரெஸ்ட் எதற்கு?

"தலையைச் சாய்ச்சுக்கிட்டுத் தூங்கத்தான்" என்று நினைத்தால் அது தவறு. உங்கள் கழுத்தைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

பின்னால் வரும் லாரி உங்கள் காரை இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட் முன்னால் தள்ளப்படுகிறது. சீட்டோடு சேர்ந்து உங்கள் முதுகும் முன்னால் போகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணத்தில் கழுத்து சாட்டை மாதிரிச் சுண்டப்படுகிறது. தசைநார்கள் கிழியலாம், நரம்பு நசுங்கலாம். தலையைப் பின்னால் போகவிடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் ஹெட்ரெஸ்ட்டின் வேலை. அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன் சீட்டுகளில் இது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

ஆகவே குஷன் வாங்கும் முன்பு ஹெட்ரெஸ்ட்டைச் சரி செய்யுங்கள். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு இருந்தால் உத்தமம். குறைந்தது காதின் மேல்நுனிக்காவது வர வேண்டும். பல வீட்டுக் கார்களில் வாங்கிய நாளிலிருந்து அது கீழே அமுங்கியபடியே கிடக்கிறது! பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தி மேலே தூக்கினால் போதும். தலைக்கும் அதற்கும் இடையே நாலு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

அப்புறம் ஏன் வலிக்கிறது?

நம் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. ஏழு சிறு எலும்புகள் அதைச் சுமக்கின்றன. அந்த எலும்புகள் நேர்க்கோடாக இல்லை, முன்பக்கம் லேசாக வளைந்து நிற்கின்றன. அதனால்தான் பிடரிக்குக் கீழே ஒரு குழிவு இருக்கிறது. ஹெட்ரெஸ்ட் தலையின் பின்புறத்தைத் தொடுகிறதே தவிர, இந்தக் குழிவைத் தொடுவதில்லை. பயணத்தில் கண் அசந்தால் தலை முன்னாலோ பக்கத்திலோ தொங்குகிறது. தொங்கும் தலையை இழுத்துப் பிடிக்கக் கழுத்துத் தசைகள் மணிக்கணக்கில் விறைத்து நிற்கின்றன. மறுநாள் காலையில் வலி!

போடியிலிருந்து மூணாறு போகும் வழியில் போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் தலை ஒருபக்கம் சாய, கழுத்து அதை மறுபக்கம் இழுக்கிறது. தினமும் விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்பில் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஜீப்பின் பின்பக்க நீளப் பலகையில் ஹெட்ரெஸ்ட் ஏது? "கழுத்தா வலிக்குது, எல்லா இடமும்தான் வலிக்குது டாக்டர்!" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்களுக்கு எந்தக் குஷனும் உதவாது. ஆளுக்கொரு முழு இருக்கையும், அளவோடு ஆள் ஏற்றிய வண்டியும்தான் மருந்து.

சித்த மருத்துவத்தில் யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாகப் பிரித்துச் சொல்கிறது. ஓரிடத்தில் அசையாமல் கிடப்பது, அதிர்ச்சி, குளிர்காற்று, தூக்கக் கேடு எல்லாம் வாதத்தைக் கிளப்பும். ஜன்னலோர ராத்திரிப் பயணத்தில் இந்த நான்கும் ஒன்றாகவே வந்து சேருகின்றன.

நம்ம ஊர்ப் பஞ்சு இருக்கும்போது!

குஷனுக்குள் என்ன இருக்க வேண்டும்? கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபோம் வகை. அது உருவம் மாறாது, உண்மைதான். ஆனால் நம் வெயிலில் நிறுத்திய காரில் அது சூடேறிக் கிடக்கும், கழுத்து வியர்க்கும்.

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கு மட்டுமா பேர் போனது? இலவம் பஞ்சுக்கும்தான்! மேற்கு மலைச் சரிவுகளிலும் வருசநாட்டுப் பக்கமும் விளையும் இலவங்காய்கள் கோடையில் முற்றி வெடிக்கும். பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்த கதை எல்லாருக்கும் தெரியும். கிளிக்குப் பயன்படாத அந்தப் பஞ்சு நமக்குப் பயன்படுகிறது.

இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று நிறைந்த நுண்ணிய குழாய். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால் இலேசாக இருக்கும், தண்ணீரைச் சட்டென உறிஞ்சாது, வியர்வையில் நமநமத்துப் போகாது. வழுக்கும் குட்டை இழை என்பதால் நூலாக நூற்பது கடினம். தலையணைக்கும் மெத்தைக்கும்தான் பொருத்தம். இந்தப் பஞ்சை நிரப்பித்தான் இரண்டாம் உலகப் போர் வரை கப்பல் மாலுமிகளின் மிதவைச் சட்டைகளைத் தைத்தார்கள். 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் பஞ்சு வரத்து நின்றது. அங்கே பள்ளிப் பிள்ளைகளைவிட்டு நம் எருக்கின் உறவுக்காரச் செடி ஒன்றின் காய்களைச் சேகரிக்கச் சொன்னார்கள்!

"இலவம் பஞ்சில் படுத்தால் கழுத்து வலி தீருமா?" என்று கேட்காதீர்கள். பஞ்சுக்குள் மருந்து எதுவும் இல்லை. உங்களுக்குச் சுகம் தருவது குஷனின் அளவும் அது இருக்கும் இடமும்தான். பஞ்சு உஷ்ணத்தையும் புழுக்கத்தையும் குறைக்கும், அவ்வளவே.

வீட்டிலேயே தைக்கலாம்

நெருக்கமாக நெய்த தலையணைத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவு இளகலாக இருந்தால் பஞ்சு வெளியே வரும். நீளம் 28 சென்டிமீட்டர், உயரம் 11 சென்டிமீட்டர் போதும். நடுவில் சற்று ஒடுங்கி, இரு முனையும் சற்றுப் புடைத்து இருந்தால் தலை பக்கவாட்டில் சரியாது. நூறு கிராமுக்கும் குறைவான பஞ்சே போதும். கழுத்தை வைத்து அழுத்தினால் மூன்று, நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மேலே கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு பருத்தி உறை. பின்னால் இரண்டு அகலமான எலாஸ்டிக் பட்டை, அல்லது ஒட்டிப் பிரிக்கும் பட்டை. ஹெட்ரெஸ்ட்டின் கம்பிகளைச் சுற்றி அவை இறுக்கமாக நிற்க வேண்டும். வளைவில் கழன்று டிரைவரின் காலடியில் விழும் குஷன் வேண்டவே வேண்டாம்.

பஞ்சு அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இலங்கையில் இலவம் பஞ்சுத் தொழிலாளர்களை டாக்டர் உரகொட ஆராய்ந்து 1977-ல் எழுதிய கட்டுரையில், அவர்களிடம் நாட்பட்ட சளி, இருமல் இருப்பதைக் காட்டினார். நமக்கு மெத்தை தைத்துத் தரும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அவர் முகத்தில் ஒரு மாஸ்க் இருக்கிறதா என்று நீங்களாவது கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பஞ்சுப் பக்கம் போகாமல், ஆயத்தமாகத் தைத்த குஷனையே வாங்கிவிடுங்கள்.

பஞ்சு நாளாக நாளாக அமுங்கும். மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் காயவைத்துத் தட்டினால் மறுபடி பொங்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள், காருக்குள் சிகரெட்டும் ஊதுபத்தியும் கூடாது.

மாட்டியபின் ஒரு பரீட்சை

இடுப்பைச் சீட்டின் உட்கோடிக்குத் தள்ளி நிமிர்ந்து உட்காருங்கள். நேரே சாலையைப் பாருங்கள்.

* குஷன் பிடரிக்குக் கீழுள்ள குழிவில் மெல்லத் தொட வேண்டும். தலையின் பின்மேட்டில் இடித்தால் கீழே இறக்குங்கள்.

* மோவாய் நெஞ்சை நோக்கித் தாழ்ந்தால் குஷன் கனம் அதிகம். பஞ்சை எடுங்கள்.

* தலையைச் சற்றுப் பின்னால் தள்ளினால் ஹெட்ரெஸ்ட்டைத் தொட முடிய வேண்டும். தொடவில்லை என்றால், விபத்தில் உங்களைக் காக்க வேண்டியதை நீங்களே தள்ளி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்!

வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தக் குஷன் வேண்டாம். சீட்டையும் ஹெட்ரெஸ்ட்டையும் சரிப்படுத்தினாலே அவருக்குப் போதும். அவருக்குச் சுகமான தூக்கம் வருவது யாருக்கும் நல்லதில்லை. கைக்குழந்தைகளின் தலைக்கடியிலோ கழுத்தைச் சுற்றியோ எந்தக் குஷனும் வைக்காதீர்கள். மூச்சு அடைபடும். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைச் சுற்றி அணியும் வளையத் தலையணை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு துண்டைச் சுருட்டிப் பிடரிக் குழிவில் வைத்தாலும் போதும், செலவே இல்லை! எதை வைத்தாலும் முன் சீட், பின் சீட் எல்லாருக்கும் பெல்ட் அவசியம்.

வலி வந்துவிட்டால்?

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்குங்கள். தோள்களை ஐந்து முறை பின்பக்கமாகச் சுழற்றுங்கள். மோவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வாத கேசரித் தைலம் அல்லது உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி மெதுவாகத் தடவி, நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுங்கள். தோல் தாங்கும் சூடுதான். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாமல் போகலாம், வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சலூனில் முடிவெட்டியபின் கழுத்தைப் பிடித்துச் 'சடக்'கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்து எலும்புகளை ஒட்டியே போகின்றன. அந்தத் திருகலில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் தைலமும் வேண்டாம், குஷனும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

* வண்டி மோதியபின் வரும் கழுத்து வலி. அன்றைக்கு லேசாக இருந்து மறுநாள் கூடினாலும் சரி.

* வலி தோளிலிருந்து கைவிரல் வரை இறங்குவது, மரத்துப்போவது, தம்ளர் கைநழுவுவது.

* நடையில் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமல் போவது.

* கழுத்து விறைப்போடு காய்ச்சல், கடும் தலைவலி.

* வலியோடு வாய்கோணல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது.

அடுத்த முறை குடும்பத்தோடு சுருளிக்கோ மூணாறுக்கோ கிளம்பும்போது சாப்பாட்டுக் கூடையை ஏற்றிய கையோடு, ஒவ்வொரு ஹெட்ரெஸ்ட்டையும் அவரவர் தலைக்கு ஏற்ப உயர்த்தி வையுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். குஷன் அதற்கு அப்புறம்!