உறங்க முடியாத இரவுகள்

சிறுநீரகம் பழுதான ஒருவர் கோம்பையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் தேனிக்கோ மதுரைக்கோ டயாலிசிஸ் செய்யப் போய்வருவது எத்தனை சிரமம் என்பதை நாம் அறிவோம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு, பேருந்தில் களைத்துத் திரும்புகிறவர் படுத்தவுடன் உறங்கிவிடுவார் என்றே நினைக்கிறோம். ஆனால் பலருக்கு நள்ளிரவு தாண்டியும் கண் மூடுவதில்லை. "கவலையை ஆண்டவரிடம் விட்டுவிட்டு, செபமாலை சொல்லிக்கொண்டே படுங்கள்" என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கோ, 'உமக்கு விசுவாசம் போதாது' என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது.

உண்மையில் குறை உடலில் இருக்கிறது. நம் மூளையின் நடுவே பினியல் என்றொரு சிறு சுரப்பி உண்டு. இருட்டியதும் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டதை உடல் முழுவதற்கும் தெரிவிக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு இரவில் கூட வேண்டிய இந்த மெலடோனின் கூடுவதில்லை என்று நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். இன்னொரு பக்கம், சிறுநீரகம் பழுதானால் நம்மைப் பதற்றத்தில் வைக்கும் நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. நோர்அட்ரினலின் என்னும் அழுத்த ஹார்மோன் மிகுகிறது. காலையில் கூடி இரவில் குறைய வேண்டிய கார்டிசோலும் சிலருக்குச் சரியாகக் குறைவதில்லை. திராட்சைத் தோட்டத்துக் காவல்காரர் இரவிலும் ஓயாமல் தகரம் தட்டினால் பக்கத்து வீட்டில் யார் தூங்குவது?

அப்படியானால் மெலடோனின் மாத்திரை போதுமே என்று தோன்றும். அதே நாட்டில் 3 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் உறக்கம் சீரானது. 2013இல் வெளியான ஓராண்டு ஆய்விலோ அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஆகவே மருந்துக் கடையில் நாமாகவே தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேண்டாம். சில மாத்திரைகள் இவர்களுக்கு ஆபத்தானவை. தோல் அரிப்பு, கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் குடைச்சல், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா' என்று நோயாளி தயங்கினால், உடன் செல்பவர் சொல்ல வேண்டும். காலை வெயிலில் சற்று நேரம் இருப்பதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும் உதவக்கூடும்.

யோபுவும் எப்போது விடியும் என்று புரண்டு கிடந்தவர்தான் (யோபு 7). அவர் மறைக்காமல் கடவுளிடமே முறையிட்டார். பாவம் செய்ததால்தான் இந்தத் துன்பம் என்றார்கள் நண்பர்கள். கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான்!

நோயாளரைச் சந்திக்கும் அன்பியத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரவு எட்டு மணிக்கு மேல் கூட்டமாகப் போய், விளக்கைப் போட்டு உட்கார்ந்து பேசுவதைவிட, டயாலிசிஸ் இல்லாத நாளில் காலையில் போகலாம். செபத்தை அவருடைய களைப்புக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம். நம் பள்ளத்தாக்கில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அது இதயத் துடிப்பையே பாதிக்கும்.