பின்சீட்டு நண்பனும் சத்தமில்லா வண்டியும்

திருநெல்வேலி–தென்காசி சாலை நான்குவழியான பிறகு ஆலங்குளத்தைக் கடக்கும் வண்டிகளின் வேகம் மாறிவிட்டது. அந்தச் சாலையில் வந்து சேரும் தெருக்கள் மட்டும் பழைய தெருக்களாகவே இருக்கின்றன. பள்ளியும் டியூஷனும் விடும் நேரத்தில் அந்தத் தெருக்களிலிருந்து ட்ரிபிள்ஸ் ஏற்றிக்கொண்டு பாய்ந்து வருகிற பேட்டரி வண்டிகளைப் பார்த்து, ‘எல்லாம் திமிர்’ என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் திமிர் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. வளரிளம் பருவத்தினர் எப்போது துணிகிறார்கள், எப்போது அடங்கி ஓட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. ஆபத்து ஒரு பையனின் குணத்தைவிட, அவன் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சார்ந்திருக்கிறது.

2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24-க்கு மேல் என மூன்று பிரிவினர். சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் சம வயது நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். நண்பர்கள் பார்த்தபோது சிறுவர்களின் துணிச்சல் பெருமளவு கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் அநேகமாக இல்லை. 2011-இல் ஸ்டைன்பெர்க் குழுவினரே மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே சிறுவர்களின் மூளையில் பரிசையும் இன்பத்தையும் எதிர்பார்க்கும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அவற்றுக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழு முதிர்ச்சி பெறுகிறது. ‘விழுந்தால் மண்டை உடையும்’ என்பது பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்ததைப் பயன்படுத்த முடியாத ஒரு கணத்தைக் கூட்டாளிகளின் கண்கள் உருவாக்கிவிடுகின்றன. கையிலிருக்கும் செல்போன் கேமரா அந்தக் கண்களைப் பல்லாயிரமாகப் பெருக்குகிறது. 2023-இல் காஞ்சிபுரம் அருகே சாகசம் செய்து விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தான செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆனாலும் பத்தாண்டுத் தண்டனையை எடைபோடும் பொறுமை அந்தக் கணத்தில் எந்தப் பையனிடமும் இருக்காது.

இந்த மூளையிடம் நாம் எப்படிப்பட்ட வண்டியைக் கொடுக்கிறோம்? பெட்ரோல் எஞ்சின் சுழன்று வேகம் பிடித்த பிறகே தன் முழு இழுவிசையைத் தரும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே அதைத் தரும், முறுக்கியதும் பாயும். உறுமல் இல்லாததால் ஓட்டுபவருக்கும் வேகம் உறைக்காது, சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் வண்டி வருவது கேட்காது. மின்கார்களின் புதிய மாடல்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அந்தப் பாட்டியைப் போன்றவர்களுக்காகத்தான்.

‘25 கிலோமீட்டர் வேகத்தில் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட பேட்டரி வண்டியை நம் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். அந்த வேகத்தோடு நின்றால் கவலை குறைவு. ஆனால் 2023 மே மாதம், புளியரை தாண்டினால் வந்துவிடும் கேரளத்தில், மோட்டார் வாகனத் துறை ஷோரூம்களைச் சோதித்தபோது திறனும் வேகமும் கூட்டப்பட்ட வண்டிகள் சிக்கின. பார்த்தவுடன் பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோமீட்டரில் வண்டி நிற்க ஏறத்தாழ 12 மீட்டர் தேவை; 50-இல் 34 மீட்டர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓரிருவருக்கென அமைந்த பிரேக் உள்ள வண்டியில் மூவர் உட்கார்ந்தால் அந்த 34-ம் போதாது.

‘நாங்கள் பதினான்கு வயதில் டி.வி.எஸ். 50 ஓட்டவில்லையா?’ என்பது பெரியவர்களின் வாதம். பிழைத்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய வாதம் அது. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 18 வயதுக்குட்பட்டோர் 9,528 பேர். அவர்களில் நடந்து போனவர்களும் உண்டு, பின்சீட்டில் இருந்தவர்களும் உண்டு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இன்னொரு வாதம் கனமானது. சுற்றுக் கிராமங்களிலிருந்து டியூஷனுக்கு வர நேரத்துக்குப் பஸ் இல்லை. பீடி சுற்றும் அம்மாவால் தினமும் கொண்டுவந்து விட முடியாது. அரசு கொடுக்கும் பிளஸ் 1 சைக்கிள், இரவு எட்டு மணிக்கு நான்குவழிச் சாலையோரம் மிதிக்க ஏற்றதல்ல. வண்டியைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. நியூசிலாந்து 1987-லேயே வேறு வழி கண்டது: இளையோர் தனியாக ஓட்டத் தொடங்கும் கட்டத்தில் நண்பர்களை ஏற்றக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் தனியே ஓட்டக் கூடாது. ஆராய்ச்சி காட்டும் பின்சீட்டை அந்த விதி நேராகக் குறிவைக்கிறது. இங்கே சட்டம் வரும்வரை வீடே அந்த விதியைப் போடலாம்: வண்டி உனக்கு, பின்சீட்டு யாருக்கும் இல்லை.

வண்டியை 25-இல் நிறுத்தும் வேகப்பூட்டை அவிழ்த்துத் தரும் கடைக்காரர் ஒரு விஷயத்தைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. 25-ஐத் தாண்டியதும் அது பதிவில்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டினால் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மோதியதில் ஒருவர் இறந்தால் இழப்பீட்டைக் கட்ட எந்தக் காப்பீட்டு நிறுவனமும் வராது; வண்டி வாங்கிக் கொடுத்த குடும்பத்தின் வீடும் நிலமும்தான் அதற்குப் பொறுப்பு.