ஒழுங்காக அழிய வேண்டிய ஓடு

1905இல் இலங்கையின் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஒரு நகரமே முளைத்தது. அந்த ஒரு முத்துக்குளிப்புப் பருவத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. வியாபாரிகள் முத்துக்களைத் துளைத்தட்டுகளில் சலித்து அளவு பிரித்தார்கள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து, குறையற்றதை ஆணிமுத்தென்று தனியே வைத்தார்கள்.

அதைவிடப் பல மடங்கு கண்டிப்புடன் இன்று ஓர் உருண்டையைத் தேர்கிறார்கள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் அணுக்கரு இணைவுக்குப் பயன்படும் அந்த உருண்டையின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். உள்ளே ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் உறைந்திருக்கும். உருண்டையைச் சூழ்ந்த உலோகக் கூட்டின் உட்சுவரில் 192 லேசர் கற்றைகள் பாய்கின்றன. அங்கே எழும் எக்ஸ் கதிர்கள் உருண்டையின் ஓட்டை ஆவியாக்கி வெளியே வீச, அதன் எதிர்விசை மிச்சத்தை வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே நெருக்குகிறது. ஓட்டின் வேலையே அழிவதுதான். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழிய வேண்டும். எங்கோ ஒரு நுண்ணிய மேடு இருந்தாலும் நெருக்கம் கோணி, எரிபொருளில் ஓட்டுத் துணுக்குகள் கலந்து சூடு தணிந்துவிடும்.

அந்த ஓட்டுக்கு ஆய்வாளர்கள் விரும்பிச் சோதித்த உலோகம் பெரிலியம். ரோமானியர் நாடிய கொங்கு நாட்டுப் படியூர்க் கற்கள் பெரில் வகை. பெரிலியம் அந்தக் கனிமத்தில் இருக்கிறது. அணு எண் 4 என்பதால் எக்ஸ் கதிர் அதில் ஆழமாக இறங்கி, விரைவாக உரிக்கும். ஆனால் அதிக ஆற்றலுள்ள கதிர்கள் அதை ஊடுருவி, எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிவிடும். சூடேறிய எரிபொருளை நெருக்குவது கடினம். அதனால் ஓட்டின் உட்படலங்கள் சிலவற்றில் மட்டும் மிகச் சிறிதளவு செம்பைக் கலந்தார்கள். அணுக்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே அந்தக் கதிர்களைத் தடுக்கப் போதும். இவ்வளவு சிறிய கலப்பு இவ்வளவு பெரிய வேலை செய்வதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

தொல்லைகளும் உண்டு. ஓடு உரியும்போது எழும் அதிர்ச்சி அலை பெரிலியப் படிகத்தில் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் ஓடாது; முதல் அலையே அதை முழுதும் உருக்கிவிட வேண்டும். பெரிலியத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

இப்படிப்பட்ட பொருள்களை முதலில் தட்டையான தகடாக்கி, லேசரால் அடித்து, மறுபக்கம் அலை எப்போது, எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்று அளப்பார்கள். மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் மெல்லிய உலோகத் தகடுகளில் லேசர் அதிர்ச்சி அலைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோரில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் பெற்றார்கள். லேசரை இயக்க வாங்கிய மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல். மின்நிலையத்துக்கு இன்னும் வெகுதூரம். அன்று வென்றது பெரிலியம் அல்ல, வைர ஓடு. அதிலும் ஒரு படலத்தில் டங்ஸ்டன் கலந்திருந்தார்கள்.